ஃபியூஸ் பிடுங்கிய தொட்டி

நால்வர் தங்கும் அறை. டிரைவர் ஜன்னலோரக் கட்டிலில். சமையல்காரர் அவர் காலடியில், சுவரில் சாய்ந்து. கணக்கர் நடுவில், போர்வைக்குள். எலக்ட்ரீஷியன் கதவுப் பக்கம், கதை அவருடையது.

"என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. சிரிக்கறவங்க இப்பவே சிரிச்சுக்கங்க."

இரவு பதினொரு மணி. மூடிக்கிடந்த ரசாயன ஆலைக்குப் போகும் சாலையில் மச்சான் ஒருவர்தான்... சைக்கிளில். ஆலை விட்டுப்போன குளோரின் நஞ்சு தெருக்கிணற்றில் ஊறியிருந்தது. அழுகிய பழம்போலத் தித்திப்பு வாடை. அந்த நீரைத் தொட்டியில் நிரப்பி, பல்லேடியம் என்ற உலோகம் பூசிய வலைத்தகட்டில் மின்சாரம் பாய்ச்சுவது அவர் வேலை. நஞ்சு உடையும், குளோரின் கழன்று உப்பாகும். வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால் நீர் பாலாக வெளுக்கும்; உப்பு வந்துவிட்டதற்கு அதுதான் சாட்சி.

சமையல் உப்பை ஒரு பிடி அள்ளிப் போட்டாலும் வெளுக்குமே! அப்படி உப்பைப் போட்டு ஏமாற்றுகிறானோ என்று பகல் ஷிப்ட் ஆள் மேல் சந்தேகம். தடித்த கண்ணாடி போட்டவன், பட்டப்பெயர் சோடா. மறுநாள் கிணற்றைத் திறக்கலாமா என்று மச்சான் மேலதிகாரிகளுக்கு எழுதி அனுப்ப வேண்டும். திறந்தால் அவர் பிள்ளைகளும் குடிக்கப்போகும் தண்ணீர்.

ஆலையின் தொட்டி அறைக்குள் போய், தொட்டியைக் காலி செய்து புதுக் கிணற்று நீர் நிரப்பினார். தகட்டுக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டார்; இனி நீர் வெளுத்தால் அது யாரோ போட்ட உப்புதான். கதவைத் தாழிட்டு உட்கார்ந்தார். சோடா உப்போடு வந்தால் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும், கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

யாரும் வரவில்லை.

ஆனால்... சொர்ர்ரென்று ஒரு சத்தம். தகட்டிலிருந்து பொடிக் குமிழிகள். மீட்டர் முள் பூஜ்யத்தில். குனிந்து முகர்ந்தார். வாடை குறைந்தது... பிறகு இல்லவே இல்லை. ஒரு சொட்டு விட்டார். பால்.

உப்பு போட்டால் வெளுக்கும், சரி. வாடை எப்படிப் போகும்?

காலையில், நீர் சுத்தம் என்று எழுதிக் கடிதத்தை உறைக்குள் வைத்தபோது சோடா வந்தான். அவன் பார்த்த விதமே சரியில்லை. அவனுக்கும் மச்சான் மேல் அதே சந்தேகமாம். ராத்திரி ஜன்னலில் நின்று வேவு பார்த்தானாம்.

"நீங்க சும்மாதான் ஒக்காந்திருந்தீங்கண்ணே. ஆனா பக்கத்துல ஒருத்தர்... தொட்டிக்குள்ள தோள் வரைக்கும் கைய விட்டுக்கிட்டு நின்னாரே, அவர் யாரு?"

"சோடாபுட்டிக்கு எல்லாமே ரெண்டாத்தான் தெரியும்," என்றார் டிரைவர். யாரும் சிரிக்கவில்லை.

மச்சான் கடிதத்தை வெளியே எடுத்தார். 'சுத்தம்' என்பதை அடிக்கவில்லை, அது பொய்யில்லையே. கிணற்றைத் திறக்க வேண்டாம் என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்தார். காரணம் எழுதவில்லை. கோந்து தடவி, அழுத்தி ஒட்டி, சோடாவின் கையிலேயே தபாலுக்குக் கொடுத்தனுப்பினார்.