சமோசா சுட்ட எண்ணெய்

பஜ்ஜி சுட்ட எண்ணெயைவிடச் சமோசா சுட்ட எண்ணெய் நல்லது, இன்ஸ்பெக்டர் மேடம். கசடு அதிகம் இருக்காது, பழைய துப்பட்டாவில் ஒருமுறை வடித்தாலே போதும். நோன்பு மாதத்தில் வண்ணாரப்பேட்டை முழுக்கச் சமோசா சுடுவார்கள். அப்போது எங்கள் வீட்டில் டீசலுக்குப் பஞ்சமே இருக்காது.

எண்ணெயை டீசலாக்குவது என் வேலை. அதை ஊற்றி என் வீட்டுக்காரர் அப்சல் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் லோடு வண்டி ஓட்டுவார். மூட்டை ஏற்றி இறக்குகிறவர் வியாசர்பாடி லட்சுமணன். இருவரும் தோஸ்து. குடிப்பதும் சேர்ந்துதான்.

டீசலாக்க மெத்தனால் சேர்க்க வேண்டும். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். கெமிக்கல் கடைக்காரர் கேனைக் கொடுக்கும்போதெல்லாம், "பூட்டி வெய்யிம்மா. வாயில பட்டா கண்ணு பூடும், அப்பால உசுரும் பூடும்" என்பார். இரும்புப் பெட்டியில் பூட்டித்தான் வைத்திருந்தேன், சாவி என் இடுப்பில். குடிகாரர் இருக்கும் வீடு, வேறென்ன செய்வது.

நோன்பு மாதத்தில் மட்டும் அவர் குடிக்க மாட்டார். வருஷத்தில் அந்த ஒரு மாதம் எனக்குப் புருஷன் இருப்பார். பெருநாள் பிரியாணி செரிப்பதற்குள் போய்விடுவார். பிறகு வாந்தி கழுவுவதும் சாக்கடையோரத்திலிருந்து தூக்கி வருவதும்தான். அதெல்லாம் பழகிவிட்டது.

இந்த வருஷம் பெருநாள் முடிந்தும் குடிக்கவில்லை. "வுட்டுட்டேன் ரூபினா, இனிமே கெடையாது" என்றார். எத்தனை முறை கேட்டது இது. சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி அவர் நடையைப் பார்ப்பேன். நேராகத்தான் நடந்து வருவார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நானோ இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு என்று எண்ணிக்கொண்டிருப்பேன். குடிக்கிறவரைத் தாங்கத் தெரிந்த எனக்குக் குடிக்காதவரை வைத்துக்கொண்டு காத்திருக்கத் தெரியவில்லை. ரொம்பக் களைத்துவிட்டேன், மேடம்.

அதனால் சோதித்துப் பார்த்தேன். அவருடைய காலி குவார்ட்டர் பாட்டில் ஒன்றில் மெத்தனாலைப் பாதி ஊற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். அவர் வழக்கமாக ஒளித்துவைக்கும் இடம் அது. அவர் முன்பு குடித்துவந்ததும் நிறமில்லாத சரக்குதான். விட்டது உண்மையானால் தொட மாட்டார், ஒன்றும் ஆகாது. பொய்யானால் இரண்டு பேருக்கும் அன்றோடு முடிந்துவிடும். நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரம்மை நகர்த்தித் தரச் சொன்னேன். நகர்த்தினார். பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லட்சுமணன் அண்ணன் வாசலில் வந்து நின்றிருந்தார், வண்டிக்குக் கூப்பிட.

"இந்தா மாமு, எப்பவோ ஒளிச்சி வச்சது. எனக்கு வாணாம், நீ எட்த்துக்கோ."

"இன்னா நைனா, நெஜமாவே வுட்டுட்டியா?" என்று சிரித்துக்கொண்டே அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டார்.

நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, அது வேணாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். நான் நம்பவில்லை என்பது அப்சலுக்குத் தெரிந்துவிடும். அப்போதுதான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு நிற்கிற மனுஷர் முகத்தை எப்படிக் கெடுப்பது? இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் லட்சுமணன் அண்ணன் கண் தெரியவில்லை என்று கத்தினார். அவர் மனைவி எழில்மொழி என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். பாவம், நல்ல பெண். என்ன குடித்தார், என்ன குடித்தார் என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரியும். அப்சல் பக்கத்திலேயே நின்றதால் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் லட்சுமணன் அண்ணன் இறந்துபோனார்.

பாட்டிலைக் கொடுத்தவர் என்று என் வீட்டுக்காரரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஊற்றியது நான், வைத்தது நான், பார்த்துக்கொண்டு நின்றதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவரை வெளியே விடும்போது, வைத்தது நான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மேடம். மனசு உடைந்தால் மறுபடி குடிக்க ஆரம்பித்துவிடுவார்.