மயில்நீல வண்டி

அய்யா, ஆரம்பிக்கும் முன்னே ஒரு வார்த்தை. ஸ்டேஷன் வாசலில் நிற்கிற உங்கள் ஜீப்பில் மூன்றாவது சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை. உள்ளே வரும்போதே காதில் விழுந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டால் தீர்ந்தது, பத்து நிமிட வேலை. டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்.

என் பெயர் சவரியப்பன். ஒரத்தநாடு கடைத்தெருவில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். ரைட்டர் குஞ்சிதபாதம் அய்யா நிதானமாகவே எழுதட்டும், எனக்கு அவசரமில்லை. அவசரம் சாமிதுரைக்குத்தான். திங்கட்கிழமை அவனுக்குத் தீர்ப்பு. வாய்க்கால் கரையில் குறுக்கே கயிறு கட்டிப் பஞ்சநதம் பண்ணையை மோட்டார் சைக்கிளோடு சாய்த்துக் கொன்றான் என்று வழக்கு. ஆயுள் தண்டனை கிடைக்கும் என்று கோர்ட் வராந்தாவில் பேசிக்கொள்கிறார்கள். அவன் செய்யவில்லை. அதைச் சொல்லி அவனை மீட்கத்தான் வந்தேன். அவன் பெண்சாதி அம்சமும் கூட வந்திருக்கிறாள், வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள்.

நானும் சாமிதுரையும் நெல்லுக்குறிச்சியில் ஒரே தெரு. எங்கள் இரண்டு பேர் அப்பன்மாரும் பஞ்சநதம் பண்ணையில்தான் ஆள் வேலை பார்த்தார்கள். அவன் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குப் போனான், நான் ஸ்பானர் பிடிக்கப் போனேன். கொடியும் கோஷமும் எனக்கு ஒத்துவராது. ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால், மைக் செட்டுக்காரன் ஜெனரேட்டர் ஏன் இப்படி இருமுகிறது என்றுதான் என் புத்தி போகும்.

பண்ணை என்னிடம் வந்தது எழுபதாம் வருஷம் தை மாதம். புது புல்லட் வாங்கியிருந்தார். கையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைப் படம். முன் ஃபோர்க் ஒரு கஜம் நீண்டு, ஹேண்டில்பார் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வண்டி.

"சவரி, இந்த மாதிரி ஆக்கிக் குடுத்துரு. ஜில்லாவுல ஒருத்தன்கிட்டயும் இருக்கக் கூடாது" என்றார்.

"இது தார் ரோட்டு வண்டிங்க. நம்ம வாய்க்கால் கரையில ஓட்டுனா முதுகு போயிரும். என் போக்குல விட்டீங்கன்னா, இதைவிட நல்லதா பண்ணித் தர்றேன்" என்றேன்.

விட்டார். அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும், இறந்தவரைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். பதினாலு மாதம் நான் வேறு வண்டி தொடவில்லை. டாங்கைக் கும்பகோணத்தில் பித்தளைக் குடம் தட்டுகிற ஒருவரிடம் கொடுத்து, ஒரு மடிப்பு தெரியாமல் நீளமாகத் தட்டி வாங்கினேன். சீட்டு அதிராம்பட்டினத்து அஹமது கபீர் தைத்தது. எஞ்சினைப் பிரித்துச் சிலிண்டரைப் பெரிதாக்கி, காற்றுப் போகும் வழியை உப்புத்தாள் வைத்து இரண்டு மாதம் தேய்த்தேன். விரலை விட்டால் கண்ணாடி. வர்ணம் மயில்நீலம், ஒன்பது கோட்டிங். வெயிலில் ஒரு நீலம், நிழலில் ஒரு நீலம். சத்தத்தையும் நானே அமைத்தேன். கரையில் போனால் பக்கத்தில் நிற்கிற மாடு மிரளக் கூடாது, ஆனால் அரை மைலில் இருக்கிறவன் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு சத்தம்.

டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் பண்ணை அதை ஓட்டிக்கொண்டு போனபோது அழுதேன், அய்யா. சொல்வதில் வெட்கமில்லை. பார்த்துக்கொண்டிருந்த சாமிதுரை சிரித்தான்.

"ஏன்டா, பண்ணைக்கு வாகனம் ஜோடிச்சுக் குடுத்துட்டு நிக்கிறியே, நீ எப்படா அதுல ஏறப் போற?"

"எனக்கு ஏற வேணாம்டா. அது நல்லா ஓடுனாப் போதும்" என்றேன்.

பிறகு நில உச்சவரம்பு வந்தது, உங்களுக்குத் தெரியாததா. பண்ணை தன் நிலத்தைப் பெண்சாதி பேரில், மச்சான் பேரில், செத்துப்போன அத்தை பேரில் எல்லாம் எழுதி வைத்தார். அந்த அத்தை பேரில் இருந்த பன்னிரண்டு ஏக்கரில் எங்கள் தெருப் பெண்கள் கொடியை ஊன்றி இறங்கி நாற்று நட ஆரம்பித்தார்கள். சாமிதுரைதான் முன்னால் நின்றான். அன்றைக்குப் பண்ணை புல்லட்டோடு வயலுக்குள்ளேயே இறங்கிவிட்டார். நட்ட பயிர் மேல் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினார். பெண்கள் சிதறி ஓடினார்கள். காத்தாயிக் கிழவியால் ஓட முடியவில்லை.

காத்தாயிக்குக் கால் முறிந்தது. வண்டிக்கு, ஹேண்டில்பார் இரண்டு விரற்கடை வளைந்து, முன் ஃபோர்க் திருகிக்கொண்டு, கார்புரேட்டர் நிறையச் சேறு. டாங்கின் இடது பக்கம் கிழவியின் காப்பு கிழித்துச் சாண் நீளத்துக்குக் கோடு, ஒன்பது கோட்டிங்கும் போய்த் தகரம் தெரிந்தது. இது போதாதென்று அதற்கு முந்தின வாரமே தஞ்சாவூரில் எவனிடமோ கொடுத்துச் சைலன்சரை அறுத்திருந்தார். நடவுப் பெண்கள் பயப்பட வேண்டுமாம், அதற்காக. பட்டறை வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மனுஷர் இருக்கக் கூடாது என்று.

காத்தாயிக்காகத்தான், அய்யா. எங்கள் ஜனங்களுக்காக. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். காத்தாயியைப் போய்ப் பார்த்தாயா என்கிறீர்கள். பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தேன். வர்ணம் காயவே மூன்று வாரம் ஆகிவிட்டது.

செய்த முறையைச் சொல்கிறேன். ஆக்சிலேட்டரை விட்டால் கார்புரேட்டருக்குள் ஒரு சின்ன உருளை கீழே இறங்கி எஞ்சின் அடங்கும். அந்த உருளையில் ஒரு வேலை செய்தேன். முக்கால் பாகம் வரை முறுக்கினால் எப்போதும்போல் இறங்கும். முழுசாக முறுக்கினால் மேலேயே நின்றுவிடும். எஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். எழுபது தடவை சோதித்தேன், ஒரு தடவைகூடப் பிசகவில்லை. பண்ணை முழுசாக முறுக்குகிற இடம் ஒன்றுதான். பனைமரத்தைத் தாண்டி மதகு வரைக்கும் கரை அரை மைல் நேராக இருக்கும், பக்கத்தில் நடவு வயல். பெண்கள் பார்க்க அங்கேதான் பறப்பார். மதகு வந்ததும் வளைவு. வளைவில் திரும்ப முடியாமல் ஆள் மதகுச் சுவரில் மோதுவார், வண்டி வாய்க்காலில் விழும். கரையிலிருந்து சுவருக்கு எத்தனை எட்டு என்று நடந்தே அளந்திருந்தேன்.

அவர் கிளட்சைப் பிடித்திருந்தால் பிழைத்திருப்பார். அதை நான் தொடவேயில்லை. அந்த வழியைத் திறந்தேதான் வைத்திருந்தேன்.

சித்திரையிலேயே வேலை முடிந்துவிட்டது, ஆனால் வண்டியை ஆனி மாதம் வரை திருப்பிக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்கிறீர்கள். வாய்க்காலில் தண்ணீர் இல்லையே. காய்ந்த வாய்க்காலில் விழுந்தால் டாங்க் நசுங்கிப் போகும். மேட்டூர் திறந்து, தண்ணீர் எங்கள் ஊர் வந்து, மதகடியில் கழுத்தளவு ஆனதைப் பார்த்துவிட்டுத்தான் "வண்டி ரெடிங்க" என்று சொல்லியனுப்பினேன்.

அன்றைக்குக் காலை பார்க்கலாம் என்று சைக்கிளில் போனேன். அங்கே நான் எதிர்பாராத ஒன்று. நடவுக்கு வெளியூர் ஆட்களை ஏற்றிவரும் லாரியைத் தடுக்கச் சாமிதுரையும் சங்கத்துக்காரர்களும் பனைமரத்தடியில் கட்டியிருந்த கயிற்றை, நிழலுக்காக மதகுக்கு மாற்றிக் கட்டியிருந்தார்கள். தென்னங்கயிறு, நடுவில் சிவப்புத் துணி. மதகுக் கட்டையில் பதினொரு பேர் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாடா சவரி, ஒரு வாய் குடிச்சுட்டுப் போ" என்று சாமிதுரை லோட்டாவை நீட்டினான்.

குடித்தேன். துவையல் நன்றாக இருந்தது. இங்கே உட்காராதீர்கள் என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். நான் எழுந்து எதிர்க்கரைக்குப் போய் நின்றேன், அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

சத்தம் கேட்டது. என் சத்தம், நான் அமைத்துத் திரும்பவும் சரிசெய்த சத்தம். சாமிதுரை எழுந்தான். "பண்ணை வர்றாரு, கயித்த எறக்குங்கடா. நம்ம சண்டை லாரியோடதான்" என்றான். இறக்கினார்கள். கயிறு தரையில் கிடந்தது, அய்யா. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். வண்டி பனைமரத்தைத் தாண்டியது, பண்ணை முறுக்கினார், உருளை மேலே நின்றது. அப்படி ஒரு ஓட்டம் அந்தக் கரை பார்த்திருக்காது. பதினொரு பேரும் எப்படியோ துள்ளி விலகினார்கள். கீழே கிடந்த கயிறு சக்கரத்தில் சுற்றிக்கொண்டு போனது, அவ்வளவுதான் அதன் பங்கு. மற்றதெல்லாம் நான் அளந்தபடி நடந்தது.

நாங்கள் இரண்டு பேர் தண்ணீரில் குதித்தோம். சாமிதுரை பண்ணையைத் தூக்கினான், நான் நாலு பேர் கைகொடுக்க வண்டியைத் தூக்கினேன். அவன் மடியில் தலையை வைத்து, "அய்யா, கண்ண முழிங்க, அய்யா" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். அந்த ரத்தம்தான் அவன் வேட்டியில் உங்களுக்குக் கிடைத்தது. அதற்குள் நான் பெட்ரோலை அடைத்து, அந்த உருளையைக் கழற்றி, இடுப்பில் முடிந்து வைத்திருந்த பழைய உருளையை மாட்டிவிட்டேன். டாங்கில் ஒரு சொட்டை இல்லை. பிறகு வந்த மோட்டார் வாகன அதிகாரி வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று சர்டிபிகேட் எழுதினார். வேலை தெரிந்த மனுஷர்.

இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பீர்கள். நான் பொய் சொல்லவில்லையே. அரசுத் தரப்பு சாட்சியாகக் கூண்டில் ஏற்றினார்கள். கயிறு கட்டியிருந்ததா என்றார்கள், கட்டியிருந்தது என்றேன். சாமிதுரைதான் கட்டினானா என்றார்கள், ஆமாம் என்றேன். இறக்கினானா என்று யாரும் கேட்கவில்லை. சங்கத்துக்காரர்கள் சொன்னதைக் கோர்ட் நம்பவில்லை. வாரம் தவறாமல் அம்சம் பட்டறைக்கு வருவாள். "அண்ணே, அவரு தூக்கத்தான் குதிச்சாருன்னு நீங்க பாத்தீங்களே, சொல்லுங்கண்ணே" என்று அழுவாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன்.

போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் அரசு வக்கீல் அந்தக் கயிற்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். "எவ்வளவு துல்லியமான திட்டம் பாருங்கள்" என்றார். ஜட்ஜ் அய்யா வாங்கித் தடவிப் பார்த்தார். பெருவிரல் பருமன் தென்னங்கயிறு. அந்த வேகத்தில் என் வண்டி அதை நூல்போல் அறுத்துக்கொண்டு போயிருக்கும். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நிரபராதி உள்ளே போகிறானே என்கிற வேதனைதான். நேற்று அம்சத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. "வாங்கண்ணே, போயி எழுதிக் குடுத்துருவோம்" என்றாள், அவ்வளவுதான்.

இதோ இந்தப் பொட்டலத்தில் அந்த உருளை இருக்கிறது. எந்த மெக்கானிக்கிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

எழுதி முடித்தாயிற்றா? கையெழுத்துத்தானே, கொடுங்கள். ஒரு தடவை படித்துவிடுகிறேன்.

அய்யா, இங்கே ஒன்று. "மேற்படி மோட்டார் சைக்கிளில் இருந்த கோளாறு காரணமாக" என்று ரைட்டர் அய்யா எழுதியிருக்கிறார். வண்டியில் கோளாறு கிடையாது. நான் நினைத்ததை நினைத்த இடத்தில் செய்தது, அதை எப்படிக் கோளாறு என்பது? இது நாளைக்குக் கோர்ட்டில் படிக்கப்படும், பேப்பரில் வரும். சவரியப்பன் கட்டின வண்டி கெட்டுப்போன வண்டி என்று ஜில்லா முழுக்கப் பேசுவார்கள். மாற்றி எழுதுங்கள்.

கோளாறு என்று இல்லாவிட்டால் ஜட்ஜுக்குப் புரியாது, வழக்கு நிற்காது என்கிறீர்கள். சாமிதுரையை விடுவிக்க வேறு வழியே கிடையாது, பேசாமல் கையெழுத்தைப் போடு என்கிறீர்கள். வெளியே அம்சம் எழுந்து நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள், எனக்கும் தெரிகிறது.

பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள், அய்யா. அப்படியானால் கயிறே இருந்துவிட்டுப் போகட்டும்.