அசல் எண்

— இழுக்காதீங்க முதலாளி! இழுக்க இழுக்க இன்னும் கவ்வுது. ஐயோ, சொன்னா கேளுங்களேன்!

— என் கைடி! என் வலது கை! யூசியா, கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? கரண்டைப் புடுங்கு!

— புடுங்கினா பிரஸ் மெஷினோட தலை மொத்தமா இறங்கிடும். இப்ப உங்க விரலை மட்டும் கடிச்சுக்கிட்டு நிக்குது. கரண்டு போனா எண்பது டன்னும் மேல படுத்துடும்.

— அப்போ மேல தூக்கு! அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கு!

— அமுக்கிக்கிட்டுத்தான் இருக்கேன். கேக்க மாட்டேங்குது. கம்ப்யூட்டர் தன்னைப் புதுப்பிச்சுக்குதாம். 'அணைக்காதீர்கள், காத்திருங்கள்'னு நீலமா எழுதியிருக்கு. ஒரு வட்டம் சும்மா சுத்திக்கிட்டே இருக்கு.

— இப்பவா? என் கை உள்ளே இருக்கையிலயா? எவன்டா கேட்டான் அப்டேட்டு? எவன் கேட்டான்?

— அது தினமும்தான் கேட்டுச்சு. கேக்கும்போதெல்லாம் 'பிறகு'ங்கிறதை அமுக்கு, பொருளைத் தள்ளுன்னு சொன்னது நீங்க. பிறகு, பிறகுன்னு அமுக்கி அமுக்கி என் விரலே தேஞ்சு போச்சு.

— அந்த மெஷினுக்கு நெட்டே கிடையாதே! எந்த நாய் வயரைச் சொருகினது?

— நேத்து சாயங்காலம் இந்த ஸ்கிரீன்ல பேஸ்பால் பார்த்தது யாரு? பீரும் வறுத்த கோழியுமா உக்காந்துக்கிட்டு, 'அடிடா, தூக்கி அடிடா'ன்னு தைச்சுங் ஊருக்கே கேக்குற மாதிரி கத்தினது யாரு? சொருகினதும் நீங்க, புடுங்க மறந்ததும் நீங்க.

— ஆ... ஆ... வாயை மூடு! பொட்டலம் எங்கே? மெஷின் மக்கர் பண்ணாம இருக்க மேல பச்சைப் பொட்டலம் வச்சேனே, அதை எவ தின்னா?

— யாரும் தின்னல. வச்ச இடத்துலதான் இருக்கு. தேதி முடிஞ்சு போச்சு.

— பார்த்தியா! பார்த்தியா! தேதி முடிஞ்ச பொட்டலத்தை வச்சா மெஷின் சொன்ன பேச்சு கேக்குமா? புதுசு வாங்கி வைன்னு உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்!

— கை உள்ளே போகாம காக்குற கதவைக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, சோளப்பொரிப் பொட்டலம் காக்கும்னு உக்காந்திருந்தா இப்படித்தான் ஆகும்.

— இங்கே வாடி. கிட்ட வா. நியாயமா பேசுறே?

— முடியை விடுங்க! முதலாளி, முடியை விடுங்கன்னா! நான் விழுந்தா பொத்தான்கிட்ட யார் நிப்பா? விடுங்க!

— ...கொன்னுடுவேன் உன்னை. கை வெளிய வரட்டும், முதல்ல உன்னைத்தான்.

— கொல்லுங்க. முதல்ல கை வரட்டும். அப்பா, கொத்தாப் புடுங்கிட்டாரே.

— முட்டுக் கொடு! தலைக்கு அடியில இரும்புக் கட்டை வைப்போமே, அதைக் கொண்டா!

— அதுவும் கதவோட சேர்ந்து எடைக்குப் போச்சு. பக்கத்துப் பட்டறைக்கு ஜாக்கி கேட்டு ரெண்டு பேர் ஓடியிருக்காங்க. ஆம்புலன்சுக்கும் சொல்லியாச்சு. இருங்க... இருங்க, வட்டம் நின்னுடுச்சு! ஸ்கிரீன் மாறுது!

— தூக்கு! தூக்கு!

— பொறுங்க, ஏதோ சிவப்பா வருது. 'இங்கே ஓடுவது அசல் மென்பொருள் அல்ல. அசல் எண்ணை இடவும். ஒரே முறைதான் இடலாம். தவறினால் இயந்திரம் தானாக மூடிக்கொள்ளும்.' கீழே ஒரு கோடு சுருங்கிக்கிட்டே வருது.

— மூடிக்கிட்டா?

— தலை கீழே வந்து உக்காரும். மூடினா தலை மேல நிக்கிற மாதிரிதான் செஞ்சு அனுப்பினாங்க. அப்படி நின்னா ஒவ்வொரு அடிக்கும் நேரம் வீணாகுதுன்னு கீழே நிக்க வச்சது யாருன்னு நான் சொல்லணுமா?

— எண்ணு... எண்ணு எங்கே? மெஷின் வந்தப்ப ஒட்டியிருந்துச்சே, வெள்ளிக் கலர்ல!

— அந்தக் கதவுலதான் ஒட்டியிருந்துச்சு.

— ஐயோ!

— கதவு திறந்திருந்தா அசல் புரோகிராம் மெஷினை ஓட விடாது, கத்தும். அது கத்துறது பொறுக்காமத்தானே ரயிலடிக் கடையில திருட்டு டிஸ்க்கு வாங்கி ஏத்தினீங்க? இது கத்தாது. எது உள்ளே இருந்தாலும் கத்தாது. என் தம்பி கை உள்ளே இருந்தப்பவும் கத்தல.

— அதை இப்ப ஏன் இழுக்குறே? கதவு எந்த இரும்புக் கடையில இருக்கு? போன் போடு!

— கடையில இல்ல. என் தம்பி மாவ்சுங் மீட்டுக்கிட்டு வந்துட்டான். அவன் கை போன அன்னிக்கு அந்தக் கதவு இங்கே, மெஷின் பக்கத்துலயே சாத்தி வச்சிருந்துச்சு இல்லையா, அதைக் கோர்ட்ல காட்டணும்னு எடுத்து வச்சான். துணிகூடப் பட விடாம அப்படியே வச்சிருக்கான். நீங்கதான் முந்திக்கிட்டு, அவனே கழட்டினான், குடிச்சிட்டு வந்தான்னு சொல்லிட்டீங்களே. யாரு அதுக்கப்புறம் கதவைப் பார்த்தா?

— போன் போடுடி! உன் கால்ல விழுறேன், போடு!

— ஸ்பீக்கர்ல போடறேன்... மாவ்சுங்! நான்தான்டா, அக்கா.

— என்னக்கா வேலை நேரத்துல? யாரு அங்கே கத்துறது?

— லாய் முதலாளி. கை மாட்டிக்கிச்சுடா. அதே மெஷின். டேய்... கேக்குதா?

— கேக்குது. எந்தக் கை?

— வலது கைதான். அந்தக் கதவுல இருக்குற எண்ணைப் படிடா. அதைப் போட்டாத்தான் தலை மேல ஏறும். போடலேன்னா இறங்கிடும்.

— மாவ்சுங், தம்பி, என் ராசா, படிப்பா!

— நான் குடிச்சிருந்தேனா முதலாளி?

— இதையா இப்ப கேக்குறே? மனுசனாடா நீ?

— நான் குடிச்சிருந்தேனா?

— இல்ல! இல்லப்பா, நீ சொட்டுகூடக் குடிக்கல!

— கதவை யார் கழட்டினது?

— நான்! நான்தான் கழட்டினேன், என் கையாலயே! போதுமா? கோர்ட்டுக்கே வந்து சொல்றேன். குச்சி புடிச்சுச் சோறு திங்க ஒரு கை விடுடா எனக்கு!

— டேய், கோடு பாதிக்கு வந்துடுச்சு. ரத்தம் என் செருப்பு வரைக்கும் வந்துடுச்சு. அந்த ஆள் எப்படிப்பட்ட ஆளாவும் இருக்கட்டும், ஒருத்தன் கை நசுங்கறதை நான் பார்த்தது போதும்டா. படி.

— படிக்கத்தான் போறேன்க்கா. நான் என்ன அவரா? ஒத்தக் கையால இதைத் திருப்பணும்ல. போனைக் கீழே வைக்கிறேன், இரு.

— சீக்கிரம்டா!

— யூசியா, இரும்பு அறுக்குற அந்தக் கிரைண்டர் எங்கே?

— எதுக்கு?

— அவன் படிக்க மாட்டான். எனக்குத் தெரியும், நானா இருந்தா படிக்க மாட்டேன். தகட்டை மாட்டு. விரலோட போகட்டும், அறுத்து விடு. மணிக்கட்டாவது மிஞ்சும்.

— என்னால ஆகாது! பேசாம இருங்க! மாவ்சுங்!

— திருப்பிட்டேன். போடு. ஏழு, நாலு, நாலு.

— ஏழு, நாலு, நாலு.

— பூஜ்யம், ஒம்போது.

— பூஜ்யம், ஒம்போது... படிக்கிறான் முதலாளி, பாருங்க, என் தம்பி படிக்கிறான்!

— ரெண்டு, ஆறு.

— ரெண்டு, ஆறு. போட்டாச்சு. இன்னும் ஒரே ஒரு கட்டம்டா. கடைசி ஒண்ணு. சொல்லு.

— ...

— சொல்லுடா, கோடு முடியப் போகுது!

— மாவ்சுங்! இந்தப் பட்டறையே உனக்கு எழுதித் தரேன்! கடைசி எண்ணு! விளையாடாதேடா, கடைசி எண்ணைச் சொல்லு!

— விளையாடல முதலாளி. எச்சில் தொட்டுத் தேச்சுட்டேன், நகத்தால சுரண்டிட்டேன், போக மாட்டேங்குது. அது மேல என் ரத்தம் காஞ்சு கிடக்கு.