சத்தம் போடாத ஞாயிற்றுக்கிழமைகள்

கடையை ஏன் எப்போதும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் திறந்தேன் என்று போன வாரம் ராகேஷ் கேட்டான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் தண்ணீர் ஒன்றரை மணிக்கு வரும். பிடித்து வைத்துவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்க முடியும்.

இதுபோல நிறையக் கேட்டீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் கூடுகிறோம், பவுலின் ஆன்ட்டிதான் கடையின் கதையை எழுதித்தர வேண்டும் என்றீர்கள். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை, கண்ணுகளா. தமிழை வேதப் புத்தகத்திலும் கன்னடத்தை பஸ் போர்டிலும் இங்கிலீஷை உங்கள் மெஷின் திரையிலும் எழுத்துக் கூட்டிக் கற்றவள். தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, சாலமனைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போவதற்கு ராகேஷ் நேரம் வாங்கி வைத்திருக்கிறான். பழைய விவரம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்களாம். அதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் இறந்துபோன மறு வருடம், தொண்ணூற்று மூன்றில், ஜோகுபாளையத்து வீட்டின் முன்னறையில் மூன்று வீடியோ கேம் மெஷின் போட்டேன். ஒன்று கார் ஓட்டுவது, ஒன்று விமானம் சுடுவது, மூன்றாவது சண்டை கேம். ஆறே மாதத்தில் காரிலும் விமானத்திலும் தூசி படிந்துவிட்டது. சண்டை கேம் முன்னால் மட்டும் கால் வைக்க இடமிருக்காது. பிள்ளை இல்லாத வீடு அது. பதினைந்து வருடம் கடிகாரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, உங்கள் கத்தல் என்னவாக இருந்தது என்று நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

"ராகேஷு, கைய வீட்ல வெச்சிட்டு வந்துட்டியாடா? போய் எடுத்துட்டு வா, நான் நிக்கிறேன்."

"ஜாஸ்தி பேசாத குரு. ஒரே ரவுண்டு. அல்சூர் ஏரில முக்கி எடுக்கலைன்னா பேரை மாத்திக்கிறேன்."

"போன வாரமே மாத்தியிருக்கணும் மச்சா நீ."

சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பேன்.

ஜெயித்தவன் மெஷினில் நிற்பான், தோற்றவன் வரிசையின் கடைசிக்குப் போவான். அது எல்லாக் கடையிலும் உள்ளது. நான் சேர்த்தது ஒன்றுதான். தோற்றவன் ஒரு கேள்வி கேட்கலாம், ஜெயித்தவன் மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். "அந்த உதைய எப்டி தடுத்த?" என்று கேட்டால் கையைப் பிடித்துக் காட்டித் தர வேண்டும். இரண்டே வருடத்தில் ஜெயநகர்க்காரர்களும் பிரேசர் டவுன்காரர்களும் உங்களைப் பார்த்துப் பயந்ததற்கு அந்தக் கேள்விகள்தான் காரணம். அதைப் பெருமையாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

சாலமன் வந்தது தொண்ணூற்று நான்கில். கோலார் தங்கவயல் பையன், பத்தொன்பது வயது. அப்பா சுரங்கத்தில் இருந்தவர், நாற்பது வயதுக்குள் பார்வை போய் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். சுரங்கத் தூசி என்று எல்லோரும் சொன்னார்கள், அவர்களும் அப்படியே நம்பினார்கள். இவன் ஈஜிபுராவில் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கி, பைண்டிங் வேலை பார்த்தான். ஞாயிறு வந்தால் இங்கே. வந்த முதல் மாதத்திலேயே மெஷினைவிட்டு அவனை இறக்க உங்களில் ஒருவராலும் முடியவில்லை. ஜெயித்துவிட்டுத் திரும்பி, "ஆன்ட்டி, டீ இருக்கா, இல்ல இவனுங்க கண்ணீரையே குடிக்கட்டுமா?" என்பான். அவனைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். அவன் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் வந்து, அரை மணி நேரத்தில் கலைந்துபோனார்கள். நான் எண்ணினேன்.

தொண்ணூற்றைந்தில் கோவில் வளாகத்தில் கண் முகாம் நடந்தது. உங்களையெல்லாம் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். திரையை முறைத்து முறைத்து எல்லோருக்கும் கண் சிவந்து கிடந்தது, எனக்குப் பொறுக்கவில்லை. முகவரி கேட்டபோது சாலமன் கடையின் முகவரியைக் கொடுத்தான். அவனுக்கு வேறு நிலையான முகவரி கிடையாது.

மூன்று வாரம் கழித்து அவன் பெயருக்கு ஒரு கார்டு வந்தது. இங்கிலீஷில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் உலையில் அரிசி வெந்துவிட்டது. கண்ணுக்குள் அழுத்தம் மிக அதிகம், உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும், மருந்தோ ஆபரேஷனோ செய்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது. இவ்வளவுதான். புரியாமல் வைத்துவிட்டேன் என்று நீங்கள் எனக்காகச் சொல்ல வேண்டாம். எனக்குப் புரிந்தது.

அந்த ஞாயிறு ஜெயநகர்க்காரர்களோடு போட்டி இருந்தது. ஆபரேஷன் என்றால் ஒரு மாதம் கட்டுப் போட்டுப் படுத்திருப்பான். அதன் பிறகு திரையைப் பார்க்கவே கூடாது என்பார்கள். போட்டி முடியட்டும் என்று வைத்தேன். போட்டியில் ஜெயித்தோம், ஞாபகம் இருக்கும். ராகேஷ் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போனான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படிக் கார்டை நீட்டுவது.

இரண்டாவது கார்டு மழைக்காலத்தில் வந்தது. அதற்குள் பிரிகேட் ரோடில் ஏசி போட்ட பெரிய கேம் சென்டர் திறந்திருந்தார்கள். உங்களில் பாதிப் பேர் அங்கே எட்டிப் பார்த்தீர்கள். நான் குறை சொல்லவில்லை, வயசு அப்படி. திரும்பி வந்தது சாலமனுக்காகத்தான், பவுலின் ஆன்ட்டியின் டீக்காக அல்ல என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவதைத் தபாலில் அனுப்பாமல் ஹெர்பர்ட்டிடம் கொடுத்தனுப்பினார்கள். முகாமில் பெயர் எழுதிக்கொண்டாரே, அந்தப் பெரியவர். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து வாசலில் நின்றார்.

"சாலமன்னு ஒரு தம்பி, இங்கதானேம்மா? டாக்டரு ரொம்ப வற்புறுத்திச் சொல்லி அனுப்பிச்சாரு."

"அவன் ஊருக்கே போய்ட்டான் பிரதர். தங்கவயல்ல எங்கேன்னு தெரியல."

அவர் குறித்துக்கொண்டு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். உள்ளே சாலமன் யாரையோ அடித்துக்கொண்டிருந்தான். அவன் சிரிப்பு வாசல் வரை கேட்டது.

கவனிக்காமல் விட்டேன் என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. கதவு நிலையில் இடித்துக்கொள்வான், பக்கத்தில் வைத்த டீ கிளாஸைத் தட்டிவிடுவான். "பல்பைச் சுத்தி வானவில் மாதிரி தெரியுது ஆன்ட்டி" என்பான். சூடு கண்ணு, உடம்புச் சூடு என்று சொல்லி, மடியில் தலையை வைத்துக்கொண்டு தினமும் இரண்டு கண்ணிலும் பன்னீர் விட்டேன். குளிர்ச்சியாக இருக்கிறது என்பான். ஈஜிபுரா அறையை விட்டுவிட்டு என் வீட்டிலேயே தங்க வந்ததும் அப்போதுதான். பெற்றவள்கூட அப்படிச் செய்திருக்க மாட்டாள்.

தொண்ணூற்றேழு ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவில் அவன் கேட்டான். "ஆன்ட்டி, கரண்ட் போயிடுச்சா?"

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். எதிராளியைக் கடுப்பேற்ற அவன் அப்படி ஏதாவது சொல்வது வழக்கம்தானே. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, திரை வெளிச்சம் அவன் முகத்தில் சிவப்பும் நீலமுமாக அடித்தது. அவன் கையை எடுக்கவில்லை. அந்த ரவுண்டை ஜெயித்தான். பிறகுதான் ராகேஷ் அவன் கண் முன்னால் கையை ஆட்டிப் பார்த்தான்.

காதால் விளையாடக் கற்றுக்கொண்டது அதன் பிறகு. குதித்தால் ஒரு சத்தம், உதைத்தால் ஒரு சத்தம், ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு கத்தல் என்று மெஷினில் எல்லாமே உண்டு. அவன் விளையாடும்போது ஃபேனை நிறுத்தினேன். ஸ்பீக்கரை அவன் காதருகே ஏற்றி வைத்தேன். யாரும் வாய் திறக்கக்கூடாது என்று சட்டம் போட்டேன். நாற்பது பையன்கள் வேர்வை வழிய, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே, அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து வந்தார்கள், ஹைதராபாத்திலிருந்து வந்தார்கள். வெளியூர்ப் பையன் ஒருவன் அவனிடம் தோற்றுவிட்டு அழுதான். பிரிகேட் ரோட்டு ஏசி அறையில் அப்படி ஒரு காட்சி உண்டா. பார்வை இருந்திருந்தால் அவன் நல்ல ஆட்டக்காரன், அவ்வளவுதான். தேடினால் அவனைப் போல நான்கு பேர் கிடைத்திருப்பார்கள்.

ஒருமுறை கேட்டான். "கேம்ப்ல பாத்தாங்களே ஆன்ட்டி, லெட்டர் எதுனா வந்துச்சா?"

"வரல கண்ணு. வந்திருந்தா குடுக்கமாட்டனா."

கேட்டால் மறைக்கக்கூடாது என்று சட்டம் போட்டதே நீங்கள்தானே ஆன்ட்டி என்பீர்கள். அது மெஷினில் கை வைத்தவர்களுக்கு. நான் ஒருநாளும் தொட்டதில்லை.

அவன் அக்கா லூர்துமேரி தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்தாள். "அப்பாவையும் இப்டித்தான் விட்டோம் ஆன்ட்டி, இவனையாச்சும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்று அழுதாள். மூன்று பெரிய டாக்டர்கள் பார்த்துவிட்டுக் கைவிரித்துவிட்டார்கள் என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க இல்லன்னா என் தம்பி தெருவுல நின்னிருப்பான்" என்றாள். அதே மூன்று டாக்டர்களைத்தான் உங்களுக்கும் சொல்லியிருந்தேன். ஆகவே ராகேஷ், திங்கட்கிழமைக்குப் பழைய விவரம் எதுவும் கிடையாது. எந்த டாக்டரும் அவனைப் பார்த்ததில்லை. முகாமில் பார்த்தவர் ஒருவர்தான். கார்டு மூன்றையும் அப்போதே அடுப்பில் போட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்து கடையை மூடினாலும், நீங்கள் வருவதை நிறுத்தவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கம்பெனி சட்டையோடு வருகிறீர்கள், கல்யாணமாகிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். மற்ற கடைக்காரர்களை யார் தேடிப் போகிறார்கள், சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. போன மாதம், ராகேஷ் டாக்டரிடம் நேரம் வாங்கியதாகச் சொன்ன மறுநாள் காலையில், சாலமன் என்னைக் கூப்பிட்டான். இடது கண்ணில் ஜன்னல் இருக்கும் பக்கம் வெள்ளையாகத் தெரிகிறதாம். ரொம்ப நாளாகவே தெரிகிறதாம், பிரமை என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லையாம். "அத மட்டுமாவது புடிச்சி வைக்க முடியுமா ஆன்ட்டி? டாக்டர் சொல்லுவாரா?" என்று கேட்டான். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, சின்னப் பிள்ளை மாதிரி கெஞ்சினான்.

முடியும் என்றுதான் நினைக்கிறேன். இருப்பதைக் காப்பாற்றலாம் என்று கார்டிலேயே போட்டிருந்தது. இன்று காலை அவனிடம், டாக்டர் வெளிநாடு போய்விட்டார், திங்கட்கிழமை ரத்து என்று ராகேஷ் போன் பண்ணியதாகச் சொல்லிவிட்டேன். பேனா உரசும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். பிறகு, என்ன எழுதுகிறீர்கள் என்றான். நம்ம கடையோட கதை கண்ணு என்றேன். சந்தோஷப்பட்டான். ஜெயநகர் போட்டியை மறக்காமல் எழுதச் சொன்னான்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் அவசரப்பட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், நான் வளர்த்த பிள்ளைகள் அல்லவா. என்னைவிட்டால் அவனுக்கு இந்த உலகத்தில் யாருமே இல்லை. அப்படி ஆவதற்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. ஒரு திங்கட்கிழமையில் அதைக் கலைத்துவிடாதீர்கள், கண்ணுகளா.