ரெண்டு டிஸ்க்கும் ஒரு கல்யாண ஆல்பமும்

...இல்ல தங்கச்சி, எல்லாம் என் வீட்டுக்காரி பிரேமாவதியால வந்த வினை. ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்கிறதுக்கு ஒரு அளவு வேணாமா? உக்காருங்க லா. கரங்கான்லேர்ந்து பஸ்லயா வந்தீங்க? கல்யாண ஆல்பம்தானே, அதுக்குத்தான் வரேன். கொஞ்சம் சுத்திதான் வரணும். நேரா சொல்ல இந்த அழகேசனுக்குத் தைரியம் பத்தல.

இந்தக் கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சு. உள்ள இருந்த டிஸ்க் செத்துப்போயி, இப்ப வெளிய மாட்டுன டிஸ்க்லதான் ஓடுது, தோ இந்தக் கறுப்புப் பொட்டி. அதே மாதிரி இன்னொன்னு வாங்கி, மொத்தக் கம்ப்யூட்டரையும் அப்படியே நகல் எடுத்து வெச்சிருக்கேன். குளோனு. அப்டேட் போட்டு ஏதும் கோளாறு ஆச்சுன்னா, குளோன மாட்டி ஆன் பண்ணா போதும், ஒன்னும் நடக்காத மாதிரி எழுந்து வரும். கூலிம்ல பாக்குறவங்ககிட்டல்லாம் இதத்தான் பேசுவேன். கோயில் கமிட்டி முனியாண்டி அண்ணன் என்னைப் பாத்தாலே சடக்கத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவாரு.

வாரம் ஒரு தடவ குளோன் எடுக்கணும்... நல்லாத்தான் சொல்லுவேன். நான் கடைசியா எடுத்தது மார்ச்சுல. உங்க கல்யாணம் ஆகஸ்ட்டு. இருங்க, இன்னும் முடிக்கல.

ரெண்டு டிஸ்க்கும் ஒரே கம்பெனி, ஒரே கலரு. புத்தி உள்ளவன் பேர் எழுதி ஒட்டுவான். நான் குளோன் மேல சந்தனம் குங்குமம் வெச்சேன். பொட்டு இருந்தா குளோன், இல்லன்னா அசல். அவ்ளோதான் என் சிஸ்டம். ஆயுத பூசை முடிஞ்சு பாத்தா கேமரா, பிரிண்டரு, கத்திரிக்கோலு, ஸ்டேப்ளர் வரைக்கும் பொட்டு. ரெண்டு டிஸ்க்குக்கும்தான்.

மறுநாள் அப்டேட் கேட்டுச்சு. முதல்ல புதுசா குளோன் எடுத்துடுவோம்னு, கையில வந்தத மாட்டி ஆன் பண்ணேன். எப்பவும் போல வந்துச்சு. வரத்தானே செய்யும், நகல்தானே. இன்னொன்னையும் மாட்டுனேன். ‘இதுல உள்ளது எல்லாம் அழிஞ்சிடும், சரியா’ன்னு கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டு பசியாறப் போயிட்டேன். திரும்பி வந்தா ரெண்டுமே மார்ச்சுல நிக்குது. முதல்ல மாட்டுனதுதான் பழைய குளோன், அழிச்சது அசல்.

கேமரா கார்டா? அத அடுத்த கல்யாணத்துக்கு அழிச்சிட்டேன். அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சேன்னு ஒரு திமிரு. பினாங்குல அழிஞ்சத மீட்டுக் குடுக்குற ஒரு ஆளுகிட்ட டிஸ்க்கக் காட்டுனேன், மேல வேற எழுதிட்டா பழசு வராதுன்னுட்டாரு.

தாரை வாக்கும்போது உங்கப்பா அழுதாரே, அந்தப் படத்தப் பெருசாப் போட்டு கடை முன்னால மாட்டணும்னு இருந்தேன். என் பொழப்புல எடுத்த நல்ல படம் அது ஒன்னுதான். அதுவும் போச்சு.

பிரேமாவதிகிட்ட ஒன்னும் கேட்டுடாதீங்க. அவ பூசைக்கு இங்க வரவே இல்ல, சிடாம் கிரில அவங்கம்மாகூட இருந்தா. பொட்டு வெச்சது நான்தான். ஒரு டிஸ்க்குக்குப் பொட்டு இருக்கு, இன்னொன்னு மொட்டையா நிக்குதே, பாவம்னு நெனச்சு...

ஏன் எந்திரிச்சிட்டீங்க? செருப்பு மாட்டுறீங்களா? தங்கச்சி, பேசாமப் போகாதீங்க லா. ஒரு வார்த்த திட்டிட்டாவது போங்க.