கோபுரத்துத் தாளைப் படித்த கண்

மூக்குக்கண்ணாடியை அங்கியால் துடைக்காதீர்கள், நீதிபதி ஐயா. கீறல் விழும். முப்பது வருடமாகப் பொலோஞ்ஞா நகரில் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது.

ஃபுல்ஜென்சியோவின் கண்ணைப் பறித்தது யார் என்றுதானே கேட்கிறீர்கள்? நான்தான். மறைக்க ஒன்றுமில்லை, வெட்கமும் இல்லை.

நாங்கள் இருவரும் தொலைநோக்கிக்குக் கண்ணாடி வில்லை தேய்ப்பவர்கள். வருடாவருடம் போட்டி நடக்கும். ஜெயித்தவனின் வில்லை அரண்மனைக்குப் போகும். தூரத்துக் கோபுரத்தில் அச்சடித்த தாள் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். கீழே போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். யாரும் ஊகித்து ஒப்பித்துவிடக் கூடாதென்று அர்த்தமில்லாத சொற்களாக அடித்திருப்பார்கள். அவரவர் வில்லை வழியாக அவரவரே படிக்க வேண்டும். தொடர்ந்து ஆறு வருடம் அவன் என்னைவிட ஒரு வரி கூடுதலாகப் படித்தான்.

"என்ன ஒத்தாவியோ, தாள் கெடக்கட்டும், கோபுரமாவது தெரியுதா?" என்பான். கூட்டம் சிரிக்கும்.

வயிறு எரிந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் செய்தது பொறாமையால் அல்ல. அவன் வில்லை என் வில்லைக்கு உறைபோடக் காணாது. ஜெயித்ததெல்லாம் அவனுடைய வலது கண். வில்லைப் போட்டியில் கண் ஜெயிப்பது என்ன நியாயம்? அந்தக் கண்ணைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

சூரியப் புள்ளி பார்க்கலாம் என்று ஒரு நண்பகலில் அவனை என் மாடிக்கு அழைத்தேன். இரண்டு பேருக்குமாக ரொட்டியும் பன்றித்தொத்திறைச்சியும் வாங்கி வந்தான். கண் வைக்கும் முனையில் புகை படியவைத்த கண்ணாடியைப் பொருத்தித்தான் சூரியனைப் பார்ப்போம். அதன் ஓரத்தில் வைர முனையால் மயிரிழைக் கீறல் ஒன்று போட்டு வைத்திருந்தேன். குவிந்த வெயிலை அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். நூறு எண்ணுவதற்குள் வெடித்தது.

படுக்கையில் கிடந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டான். "கண்ணாடி வெடிச்சா நீ என்னடா பண்ணுவே? அழாதே, விடு" என்றான். அழுதது உண்மைதான், நடிப்பில்லை.

இந்த வருடம் விதியை மாற்றினார்கள். கணிதப் பேராசிரியர் பஸ்ஸியானோ ஒருவரே எல்லா வில்லைகளிலும் பார்த்துப் படித்தார். நான் கேட்ட நியாயம் அதுதான். என் வில்லையில் ஒன்பது வரி படித்தார்.

ஃபுல்ஜென்சியோவின் வில்லையில் பதினொன்று.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு புரிந்தது. பேராசிரியருக்கு அவன்மேல் இரக்கம்; அவன் வில்லையில் பார்க்கும்போது மட்டும் கண்ணை இடுக்கிப் பார்த்திருக்கிறார். மறுபடியும் கண்தான் ஜெயித்திருக்கிறது, வில்லை இல்லை.

ஞாயிறு நண்பகலில் சூரியப் புள்ளி பார்க்க அவரை வரச் சொல்லியிருந்தேன். கண்ணாடியைக்கூடக் கீறி வைத்தாயிற்று. அதற்குள் உங்கள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.