நியூட்ரலில் நகரும் வண்டி

நல்ல வண்டி ஐயா இது. மேலே கோழி எச்சம், உள்ளே எலி கடித்த சீட்டு என்று முகம் சுளிக்காதீர்கள், கழுவினால் போய்விடும். வாங்க வந்த நீங்கள் கேட்பது கியரைப் பற்றி. பிரித்து ரிப்பேர் பார்க்கலாமா, இல்லை பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று மதார் சாகிப்பைக் கேட்டிருக்கிறீர்கள். அவர், "குடோன் வாசல்ல சின்னப்பையன்னு ஒருத்தன் குந்தினு இருப்பான், அவனக் கேளுங்க" என்று இங்கே அனுப்பிவிட்டார். சின்னப்பையன் நான்தான். பெயர் வைத்தவர்கள் நான் இப்படித் தலை நரைத்து நிற்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தக் கயிற்றுச் சுருள்மேல் உட்காருங்கள். பதில் கொஞ்சம் நீளம்.

யுத்தம் முடிந்து அமெரிக்கப் பட்டாளத்துக்காரர்கள் ஊருக்குப் போனபோது விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்டார்கள். கப்பல்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் கொடுக்கிறவர் மதார் சாகிப். தார்ப்பாய் எடுக்கப் போனவர் இந்தக் காரை எடுத்துக்கொண்டு வந்தார். வந்த பிறகுதான் ராயபுரத்தில் ஒருவருக்கும் இதை ஓட்டத் தெரியாது என்பது தெரிந்தது. மற்ற கார்களில் காலுக்கு மூன்று மிதி இருக்கும். இதில் இரண்டுதான். கிளச் கிடையாது, கியர் தானே மாறிக்கொள்ளும். பெயர்பெற்ற டிரைவர்கள் வந்து இடது காலால் துழாவிப் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, நொண்டி வண்டியா கீது" என்று இறங்கிப் போனார்கள்.

நான் அப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பட்டாளம் இருந்த காலத்தில் ஒரு சோல்ஜர் விளையாட்டுக்காக என்னை இப்படி ஒரு வண்டியில் உட்காரவைத்து ஓட்டச் சொன்னான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி இருக்கிறது பாருங்கள், அதை ஒரு விரலால் ஒரு படி தள்ளினால் வண்டி முன்னே போகும். மிதித்தால் வேகம். பிரேக்கை அழுத்தினால் நிற்கும். அவ்வளவுதான் ஐயா. பால்குடி மறந்த பிள்ளைகூட ஓட்டிவிடும்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சாகிப் முன்னால் ஏறி உட்கார்ந்தேன், கொஞ்ச நேரம் கண்ணை மூடினேன், ஸ்டியரிங்கில் காதை வைத்துக் கேட்டேன், இடது காலால் தரையை மூன்று தரம் தட்டினேன். பிறகு கைப்பிடியைத் தள்ளினேன். வண்டி போயிற்று. குடோன் ஆட்கள் கைதட்டினார்கள். அன்றைக்கே காக்கிச் சட்டை தைக்கக் கொடுத்தார் சாகிப். மூட்டை தூக்கினவனை ஊர் அதுவரை "டேய்" என்றது. மறுநாள் முதல் "டிரைவரே" என்றது. டீக்கடையில் எனக்குக் கண்ணாடி கிளாஸ் மரியாதையாகக் கழுவி வரும். ஒருவருக்கும் தெரியாத வித்தை என்றால் சும்மாவா. வெறும் தரையைத் தட்டித் தட்டி என் இடது செருப்புதான் முதலில் தேயும்.

இப்படியே வருஷங்கள் ஓடின. சாகிப் வீட்டுப் பெண்கள் கோஷா. பின் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் திரை தொங்கும். அவர்கள் வெளியே பார்க்க முடியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரையில் கிழிசல் இருந்தது எனக்குத் தெரியாது. வெளியே பார்க்கக் கூடாது என்று உட்காரவைத்த பெண், வேறு என்ன செய்வாள், என்னையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். சாகிப்பின் மகள் ஜஹானாரா. ஒருநாள் வண்ணாரப்பேட்டையில் அவர்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது மெல்லச் சொன்னாள்.

"டிரைவர் அண்ணே, நீங்க கீழ தட்டுறீங்களே, அங்க ஒண்ணுமே இல்லியே. இத நானே ஓட்டுவேன் போலக் கீதே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "பாப்பா, இது லேசுப்பட்ட வண்டி இல்ல. தெரியாத கை பட்டா நியூட்ரல்லயே நகரும்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். நியூட்ரல் என்றால் கியர் எதிலும் சேராமல் சும்மா இருக்கிற நிலை. இன்ஜின் ஓடினாலும் வண்டி அசையாது, அசையக் கூடாது. அதில் நகருகிற வண்டி பேய் வண்டி.

சொன்னதற்குச் சாட்சி வேண்டுமே. கடற்கரைச் சாலைப் பக்கம் திரும்புகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, எல்லோரும் பார்க்க இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். வண்டி தானாக நகர்ந்தது. பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த இடம் சரிவு ஐயா. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் மாட்டுவண்டியும் நகரும். இது ஒருவனுக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் பேய் என்று சொன்ன பிறகு சரிவை யார் பார்க்கிறார்கள்.

ஒருவன் பார்த்தான். அப்பாவு. கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டி அவன் ஷெட். இந்த வண்டியின் வயிற்றைத் திறந்து பார்த்த ஒரே மெக்கானிக். கூட்டம் கலைந்ததும் தோளில் தட்டி, "இன்னா மாமு, ரோடு இறக்கத்த வச்சே பொழப்பு நடத்துறியா" என்றான். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. தோஸ்து. அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை நீங்கள் நம்பவேண்டும்.

பிறகு கியர் கெட ஆரம்பித்தது. இன்ஜின் உறுமும், வண்டி நகராது. திடீரென்று பிடித்து உதறும். இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் பிடிக்கவே பிடிக்காது. கியருக்கென்று ஊற்ற அப்பாவு ஒரு டின் எண்ணெய் கொடுத்திருந்தான். ஊற்ற மறந்துவிட்டது என்று அப்போது சொன்னேன். நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. டின் என் வீட்டுப் பரண்மேல் இருந்தது.

ஏன் என்று கேட்பீர்கள். கியர் கெட்ட பிறகுதான் ஐயா நான் நிஜமாகவே டிரைவர் ஆனேன். எப்போது மிதிக்க வேண்டும், எந்தச் சத்தத்தில் காலை எடுக்க வேண்டும், எவ்வளவு சூடு ஏறினால் பிடிக்கும் என்பதெல்லாம் அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் பொய்யே இல்லை. பொய்யாகத் தட்டிக்கொண்டிருந்தவனுக்கு மெய்யாகவே ஒரு வித்தை கைகூடியது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஒரு படி மேலே போய்க் கூடத்தையே கோணலாக்கி அதில் ஆடக் கற்றுக்கொண்டேன்.

அதனால் ரிப்பேர் பேச்சு வரும்போதெல்லாம் நான் வேண்டாம் என்றேன். பம்பாயிலிருந்து சாமான் வரவழைத்துச் சரிசெய்யலாம் என்றார் சாகிப். பம்பாய்ச் சாமான் இதற்குச் சேராது என்றேன். கியரைக் கழற்றிவிட்டு லாரி கியரும் கிளச்சும் வைத்துவிடலாமா என்றார். வண்டி ரோஷக்காரி, படுத்துவிடுவாள் என்றேன். சரியான கியர் வந்தால் யாரும் ஓட்டலாம். கிளச் வைத்தால் மற்ற டிரைவர்கள் ஓட்டுவார்கள். எப்படிப் பார்த்தாலும் நான் மறுபடி "டேய்" ஆகிவிடுவேன். கெட்ட கியர்தான் எனக்குச் சோறு.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காரியம் கெட்டது. சாகிப்பின் சம்சாரமும் ஜஹானாரா பாப்பாவும் பின்னால் இருக்கிறார்கள். தண்டவாளத்தின்மேல் ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. தூரத்தில் கூட்ஸ் வண்டி ஊதுகிறது. திரைக்குப் பின்னால் அந்த அம்மாள் ஓதுவது கேட்கிறது. நான் மிதித்தேன், எடுத்தேன், மிதித்தேன். வண்டி பிடித்துத் தாவிக் கடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சமயத்தில் எனக்குப் பயமே இல்லை. எப்பேர்ப்பட்ட டிரைவர் நான் என்ற நினைப்புதான் இருந்தது. சாகிப் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு, "ஆயுத பூஜை முடிஞ்சதும் வண்டி அப்பாவு ஷெட்டுக்குப் போவட்டும்" என்றார்.

அதற்குள் அப்பாவு குடோனுக்கு வந்து வண்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். அன்று சாயங்காலம் அவன் ஷெட்டுக்குப் போனேன். அப்பாவு கை துடைத்துக்கொண்டே சொன்னான்.

"மாமு, உள்ள எண்ணெயே இல்ல. காஞ்சு கெடக்குது. நான் குட்த்த டின்னு இன்னாச்சு?"

நான் ஒரு பீடியைப் பற்றவைத்தேன்.

"கேட்டுல பொம்பளைங்க உள்ள கீறாங்க நைனா. வெளாட்டு வேற, இது வேற. பூஜை முடியட்டும், நான் சாகிப்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுறேன். அவரு உன்ன வுட்டுட மாட்டாரு. கேட்டுப் பார்த்தேன், குடோன் வாசல்ல போட்டுக்கிறேன்றாரு. அதே சம்பளம். கியரு சரியாயிட்டா அவரு பொண்ணே ஓட்டலாம்னு சொன்னேன், சிரிக்கிறாரு மன்சன்."

கவனியுங்கள் ஐயா, எனக்குச் சோற்றுக்குக் குறை வைக்கவில்லை. எனக்காகப் பேசி வேலையும் வாங்கி வைத்திருந்தான். போக வேண்டியது அந்தக் காக்கிச் சட்டையும் டீக்கடைக் கிளாசும்தான். வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்துப் பார்த்தேன். இரண்டும் எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தன.

சாகிப்புக்கு ஆயுத பூஜை கிடையாது. ஆனால் ஆட்கள் பூஜை போட அவர்தான் பொரியும் பழமும் வாங்கித் தருவார். பூசணிக்காய் உடைக்கும்வரை வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்றுவிட்டு, முடிந்ததும் உள்ளே வந்து எங்களோடு பொரி தின்பார். பூஜைக்கு வைத்த ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பது வழக்கம். ஆனாலும் நான் காலையிலிருந்தே இன்ஜினை ஓடவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அணைத்தால் கியர் பிடிக்காது, கடைசியில் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றமுடியாமல் போனால் அபசகுனம் என்றேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

மாலை போட்டு, கற்பூரம் காட்டியாயிற்று. பூசணிக்காயும் உடைத்தாயிற்று. இனி நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும், வண்டி அதை நசுக்கிக்கொண்டு முன்னே போகவேண்டும். இன்ஜின் ஓடுகிற பேய் வண்டி முன்னால் யார் குனிவார்கள்? பழத்தட்டை ஒருவரிடமிருந்து ஒருவர் தள்ளிவிட்டார்கள். அப்பாவு வாங்கிக்கொண்டான்.

"அப்பாவு, வாணாம்பா. அது நியூட்ரல்லயே நகரும்" என்றார் சாகிப் வாசலிலிருந்து.

அப்பாவு என்னைப் பார்த்துச் சிரித்தான். "நகராது சாகிப். எனக்குத் தெரியும்" என்றான்.

குடோன் முற்றம் சமதளம். சரிவு இல்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பின்சக்கரங்களுக்கு வைத்தான், முன்னால் வந்தான், ஒரு பக்கம் வைத்தான், அடுத்த சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தான். பழம் உருண்டது. அதை எட்டி எடுத்து இன்னும் உள்ளே தள்ளி வைத்தான். நன்றாக நசுங்க வேண்டும் என்று நினைத்திருப்பான், எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். வண்டி முன்னே போயிற்று. நான்கு பழமும் நசுங்கின.

போலீஸ் வந்தது. நான் சொன்னதையே கூட்டமும் சொன்னது. நியூட்ரலில் நகருகிற வண்டி என்று ராயபுரத்துக்கே தெரியும், அவன்தான் கேட்கவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அது பொய் என்று தெரிந்தவன் ஒருவன்தான், அவனைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். சாகிப் வண்டியை இந்தக் கொட்டகையில் தள்ளிப் பூட்டினார். என்னை அப்பாவு வாங்கிவைத்த அதே குடோன் வாசலில், அதே சம்பளத்தில் உட்காரவைத்தார். ஆக, அவன் சாகாமல் இருந்திருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்குமோ, அதுதான் கிடைத்தது. நான் முட்டாள் என்று இதைவிட நாசூக்காக யாரும் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அவன் பெண்சாதி கெங்கம்மா காரியம் முடிந்து வந்தாள். அழவில்லை. "அண்ணே, அது நகராதுன்னு எங்க வூட்ல சொல்லிகினே இருந்தாரு. வண்டி விசயத்துல அவரு சொல்லு தப்பினதே இல்லியே. எப்டிண்ணே?" என்றாள். "யானைக்கும் அடி சறுக்கும்மா" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனாள். உயிரோடு இருந்த வரைக்கும் அவன் பேச்சு ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. அந்தப் பேரையும் நான்தான் பிடுங்கிக்கொண்டேன். அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

வண்டியை நினைத்தாலும் மனசு கேட்பதில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அப்படி ஆகிவிட்டது. போகிறவர் வருகிறவரெல்லாம் இதைப் பார்த்துக் காறித் துப்புகிறார்கள். என்ன தப்புச் செய்தது இது? சொன்னதைக் கேட்டது, அவ்வளவுதான். அதனால்தான் உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன். வண்டியைப் பற்றி வாங்க வந்தவரிடம் பொய் சொல்வது பாவம்.

தாராளமாக ரிப்பேர் செய்யுங்கள். எண்ணெய் இல்லாமல் உள்ளே தேய்ந்திருக்கிறது, தேய்ந்ததை மாற்றி எண்ணெய் ஊற்றினால் குதிரை மாதிரி ஓடும். அந்த டின் இன்னும் என் பரண்மேல்தான் இருக்கிறது, தருகிறேன். ஊர் சொல்கிற அந்த ஒரு குறையை மட்டும் நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். இது நியூட்ரலில் நகராது. அன்றைக்கும் நகரவில்லை. அப்பாவு குனிந்திருந்தபோது நான்தான் கைப்பிடியைத் தள்ளி மிதித்தேன். ஒரு விரல், ஒரு படி.

ஏன் எழுந்துவிட்டீர்கள் ஐயா? போலீசுக்கா? போங்கள், சொல்லுங்கள். அவர்கள் பேயை நம்புகிறவர்கள். ஆனால் கியர் சரியானதும் வேறு டிரைவரைத் தேடி அலையாதீர்கள். எனக்கு ஆள் அனுப்புங்கள். இந்த வண்டியை ஓட்ட என்னைத் தவிர யாராலும் ஆகாது.